இன்ஜினியரிங் கட்-ஆஃப் 157: பக்கத்தில் மெக்கானிக்கல், ஈஇஇ (எலக்ட்ரிக்கல்), தூரத்தில் சிஎஸ்இ (கம்ப்யூட்டர்). படிப்புச் சுமை எவ்வளவு, முடித்தால் என்ன வேலை?

தென்காசி மலர் கேட்டது:

வணக்கம். தம்பி இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணக்கு 71, இயற்பியல் 84, வேதியியல் 88. கட்-ஆஃப் 157. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழிதான். வீட்டில் யாரும் டிகிரி படித்ததில்லை, அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஒரு பழைய கல்லூரியில் மெக்கானிக்கலோ ஈஇஇயோ கிடைத்துவிடும் போலிருக்கிறது. சிஎஸ்இதான் வேண்டும் என்றால் சென்னைப் பக்கம், ஆரம்பித்துச் சில வருடமே ஆன கல்லூரி. விடுதியில் விட வேண்டும். தம்பிக்கு மோட்டார், பம்ப்செட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். சொந்தக்காரர்களோ கம்ப்யூட்டர் எடுக்காவிட்டால் வேலையே கிடையாது என்கிறார்கள்.

தெரிய வேண்டியது: நாலு வருடம் படிப்பு உண்மையில் எவ்வளவு கடினம்? கணக்கில் 71 எடுத்தவன் தாக்குப்பிடிப்பானா? தமிழ் வழியில் படித்தது இடிக்குமா? முடித்தபின் என்ன வேலை, என்ன சம்பளம்? பொதுவாகச் சொல்லாமல் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

—

டிராஃப்டர் பதில்:

மலர், படிப்புச் சுமையை மட்டும் நான் சொல்கிறேன். எண்கள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 ரெகுலேஷன்படி (பாடத்திட்டமும் தேர்வு விதிகளும்). தம்பி சேரும் வருடத்துக்கு எந்த ரெகுலேஷன் என்று கல்லூரியில் முதலில் கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கேள்வித்தாளும் மதிப்பெண் பங்கீடும் அவர்களுடையது, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது.

ஒரு நாளைக்கு 50 நிமிட வகுப்பு 7 அல்லது 8. ஒரு செமஸ்டரில் ஐந்தாறு தியரி, இரண்டு மூன்று லேப். நேரத்தைத் தின்பது தியரி என்று நினைப்பார்கள், உண்மையில் லேப்தான். ஒவ்வொரு பரிசோதனையையும் முதலில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, பிறகு ரெக்கார்டு நோட்டில் படம், அட்டவணை, வரைபடத்தோடு கையாலேயே எழுத வேண்டும். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். வாரா வாரம் முடிக்காமல் சேர்த்து வைத்தால், மாடல் எக்ஸாம் நடக்கும் அதே வாரத்தில் இரவெல்லாம் ரெக்கார்டு எழுத வேண்டிவரும். முதல் செமஸ்டர் தோல்விகளில் பாதிக்கு இந்தச் சேர்த்துவைக்கும் பழக்கம்தான் காரணம் என்பேன்.

மதிப்பெண் கணக்கைத் தம்பி முதல் வாரத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும். தியரிக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வுத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு நடந்து 60க்குச் சுருக்கப்படும். தேற இரண்டு நிபந்தனை: மொத்தத்தில் 50, அதோடு தேர்வுத்தாளில் தனியாக 45. தாளில் 45 எடுத்தால் 27 வரும், மொத்தம் 50 ஆக இன்டர்னல் 23 வேண்டும். இன்டர்னல் 15தான் வாங்கியிருந்தால் தாளில் 59 எடுத்தாக வேண்டும். இன்டர்னல் 38 இருந்தாலும் தாளில் 44 எடுத்தவன் தோல்விதான். அந்த இன்டர்னலும் தேர்வை மட்டும் வைத்து வருவதில்லை. இரண்டு அசெஸ்மென்ட், ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட், செமினார், சின்ன புராஜெக்ட் வகையில் 40. அசைன்மென்ட்டை நாள் தவறாமல் கொடுப்பவனுக்கு இந்தப் பகுதியில் மதிப்பெண் எளிதாக வந்துவிடும். ஆர்வமில்லாமல் விட்டவன் பிறகு தாளில் 59 தேடி அலைவான்.

கேள்வித்தாள் இப்படி: 2 மதிப்பெண் கேள்வி பத்து (20), 13 மதிப்பெண் கேள்வி ஐந்து (65), 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. பாடத்துக்கு ஐந்து யூனிட். 13 மதிப்பெண்ணில் யூனிட்டுக்கு ஒன்று, அதில் அ அல்லது ஆ. ஆகவே மூன்று யூனிட்டை மட்டும் கரைத்துக் குடித்தவனுக்கு, 15 மதிப்பெண் கேள்வி நீங்கலாக, அதிகபட்சம் 39ம் 12ம் சேர்த்து 51. தேறுவதற்கு வெறும் 6தான் கூடுதல். இரண்டு இடத்தில் கணக்குப் பிசகினால் போச்சு. நாலு யூனிட் என்றால் 68 வரை கைக்கு எட்டும். சீனியர்கள் “மூணு யூனிட் போதும்டா” என்பார்கள். கணக்குப் பாடத்தில் அது போதாது, ஏனென்றால் அங்கே படி தவறினால் விடையும் தவறும்.

கணக்கு 71 பிரச்சினையா? மதிப்பெண் பிரச்சினையில்லை, எந்தப் பகுதியில் பலவீனம் என்பதுதான். முதல் செமஸ்டரில் அணிகள், வகைக்கெழு, பல மாறிச் சார்புகள், தொகையீடு, பல்தொகையீடு. இதில் தொகையீடு பிளஸ் டூவில் ஒழுங்காக வந்தவனுக்கு வண்டி ஓடிவிடும். பல்தொகையீட்டில் எல்லை மாற்றி எழுதச் சொல்வார்கள். வரைபடம் போடாமல் எல்லையை மாற்றுபவர்கள் அங்கேதான் தவறுகிறார்கள். இரண்டாவது செமஸ்டரில் புள்ளியியலும் எண்முறைகளும் ஓரளவு எளிது, கால்குலேட்டரில் பொறுமை போதும். மூன்றாவது செமஸ்டரில் பிரிவுக்கு ஒன்று: மெக்கானிக்கலுக்கு ஃபூரியர், இசட் டிரான்ஸ்ஃபார்ம், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், ஈஇஇக்கு நிகழ்தகவும் கலப்பெண் சார்புகளும், சிஎஸ்இக்கு டிஸ்கிரீட் கணிதம். இன்ஜினியரிங்கில் அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் தாள்) குவிவது இந்த முதல் மூன்று கணக்கில்தான். இப்போதிருந்து வகுப்பு தொடங்கும்வரை தம்பி பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு, அணிகள் மூன்றையும் பயிற்சிக் கணக்கு விடாமல் மறுபடி போடட்டும். வேறு எந்தக் கோர்ஸும் இப்போது வேண்டாம்.

இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்று ஒரு பாடம் வரும். டிராஃப்டர் என்ற வரைகருவியும் ஷீட்டும் வைத்து வரைவது. கோடு அழகாக இருக்க வேண்டும் என்று பயப்படுவார்கள். தோற்பது அழகால் இல்லை, சாய்ந்து நிற்கும் திண்மத்தின் மேல்பார்வையும் முன்பார்வையும் மனதில் வராததால். ஒரு அழிப்பானையோ தீப்பெட்டியையோ கையில் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்து வரையப் பழகினால் வந்துவிடும். புத்தகத்துப் படத்தைக் காப்பியடித்தால் தேர்வில் கோணம் மாறியதும் கை நின்றுவிடும்.

தமிழ் வழி: முதல் இரண்டு மாதம் இடிக்கும், பொய் சொல்லமாட்டேன். பாடம் புரியாமல் இல்லை, எழுத வராமல். ஒவ்வொரு யூனிட்டிலும் இருபது வரையறையை ஆங்கிலத்தில் இரண்டு வரியாகப் பார்க்காமல் எழுதிப் பழகினால் 2 மதிப்பெண் பகுதி வந்துவிடும். கணக்கிலும் சர்க்யூட்டிலும் மொழி குறைவு. மொழி அதிகம் தேவைப்படும் பாடங்கள் வேதியியல், சுற்றுச்சூழல், மேலாண்மை போன்றவை. அங்கே படமும் தலைப்பும் போட்டு எழுதினால் தப்பலாம். முதல் இரண்டு செமஸ்டரில் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்று செமஸ்டருக்கு ஒன்றாக ஒரு கிரெடிட் பாடம் உண்டு (கிரெடிட் என்பது பாடத்தின் எடை), அதைத் தமிழில் எழுதலாம்.

வருகைப்பதிவு 75 விழுக்காடு. 90 வேலைநாள் என்றால் 22 நாள்தான் விடுப்பு. 65க்கும் 75க்கும் நடுவே இருந்தால் மருத்துவச் சான்று முதலிய காரணத்தோடு மன்னிப்புக் கேட்கலாம். 65க்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்தச் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று முதல் மாதத்திலேயே லீவு எடுத்துத் தீர்த்துவிட்டால், நவம்பரில் காய்ச்சல் வரும்போது கையில் நாள் இருக்காது.

—

ஷிஃப்ட் பி பதில்:

நான் கோர் வேலைப் பக்கம், அதாவது படித்த பிரிவிலேயே பார்க்கும் வேலை. “கோர் படித்தால் வேலை இல்லை” என்பது தவறு. வேலை இருக்கிறது, ஆரம்பச் சம்பளம் குறைவு. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் குழப்பம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோயம்புத்தூர் பகுதிகளில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகளில் மெக்கானிக்கல் புதியவருக்குப் பெரும்பாலும் மாதம் 15 முதல் 22 ஆயிரம் வரை தருகிறார்கள். கேன்டீன், பஸ் சேர்ந்திருக்கும். ஷிஃப்ட் உண்டு. சேருமுன் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட் ரோலா? இரண்டாவது என்றால் சம்பளம் போடுவது ஓர் ஏஜென்சி. அனுபவச் சான்றும் அந்த ஏஜென்சி பெயரில்தான் வரும், அடுத்த வேலைக்குப் போகும்போது அதன் மதிப்பு குறையும். அப்ரன்டிஸ் என்று எடுத்தால் அது ஒரு வருடப் பயிற்சி மட்டுமே, முடிந்ததும் வேலை தர நிறுவனத்துக்குக் கட்டாயமில்லை. 2019 விதியில் பட்டதாரி அப்ரன்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 என்று வைத்தார்கள். தமிழ்நாட்டுக்கு அப்ரன்டிஸ் பயிற்சியைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அரசு அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பெரிய பொதுத்துறை நிறுவனத்தில் அப்ரன்டிஸ் கிடைத்தால் போகலாம், அந்தச் சான்றுக்கு வெளியில் மதிப்பு உண்டு.

மெக்கானிக்கலில் போட்டிக்கு நிற்பது இன்னொரு பி.இ. மட்டுமில்லை, டிப்ளமோ படித்தவரும்தான். அவருக்குக் கையில் தொழில் இருக்கும், சம்பளமும் குறைவாகக் கேட்பார். அதனால் லைன் சூப்பர்வைசர் வேலைக்கு நிறுவனங்கள் அவரை எடுக்கின்றன. பி.இ. முடித்தவர் மேலே நிற்க வேண்டிய இடங்கள் மூன்று: டிசைன், தரக் கட்டுப்பாடு, பிராசஸ் இன்ஜினியரிங். இந்த மூன்றின் இன்டர்வியூவிலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான். வெர்னியரின் மிகச்சிறு அளவு எவ்வளவு (0.02 மி.மீ.), மைக்ரோமீட்டருடையது எவ்வளவு (0.01 மி.மீ.), வரைபடத்தைக் கையில் கொடுத்து இந்தத் துளைக்கு ஹெச்7 என்று ஏன் போட்டிருக்கிறது, வடிவச் சகிப்புக் குறிகளில் இணைத்தன்மைக்கும் தட்டைத்தன்மைக்கும் என்ன வித்தியாசம், எதற்கு டேட்டம் வேண்டும் எதற்கு வேண்டாம், சிபிகே (உற்பத்தி அளவு வரம்புக்குள் சீராக நிற்கிறதா என்று காட்டும் எண்) 1.33க்குக் கீழே போனால் என்ன அர்த்தம். சாலிட்வொர்க்ஸ் சான்றிதழை மட்டும் நீட்டுபவர் இங்கே நின்றுவிடுகிறார். மாடல் போடத் தெரியும், அந்த அளவை எப்படி அளப்பது என்று தெரியாது. கல்லூரி மெட்ராலஜி லேபில் இருக்கும் கருவிகளை நாலாவது செமஸ்டருக்குள் கையில் எடுத்துப் பழகியவன் வெளியே காசு கட்டிப் படிக்க வேண்டியதில்லை.

மோட்டார், பம்ப்செட் பிரியம் என்றால் என் கை ஈஇஇ பக்கம் சாயும். உயர் மின்னழுத்த இணைப்பு உள்ள எந்த இடத்திலும் எலக்ட்ரிக்கல் ஆள் ஒருவர் வேண்டும்: நூற்பாலை, ஆஸ்பத்திரி, மால், விமான நிலையம், டேட்டா சென்டர். உங்கள் பக்கத்திலேயே முப்பந்தல் காற்றாலைகள், கயத்தாறு, கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் உலைகள், ராமநாதபுரத்தில் கமுதி சோலார். காற்றாலைப் பராமரிப்புக்கு மேலே ஏறும் துணிச்சல் வேண்டும், அது வேறு. தரையில் கன்ட்ரோல் ரூம், சப்ஸ்டேஷன் வேலைகளும் இருக்கின்றன. குறிப்பிட்ட அனுபவத்துக்குப் பிறகு மின் உரிம வாரியத்தில் சூப்பர்வைசர் தகுதிச் சான்று, அதாவது எல்லோரும் சொல்லும் சி லைசென்ஸ், வாங்கலாம். மெக்கானிக்கலில் இதற்கு இணையாக, பட்டத்தை அடிப்படையாக வைத்துச் சொந்தத் தொழில் தொடங்க உதவும் சான்று எளிதில் கிடைப்பதில்லை.

ஆனால் ஈஇஇயின் படிப்பு மெக்கானிக்கலைவிடக் கடினம் என்பதை மறைக்கக் கூடாது. எலக்ட்ரிக் சர்க்யூட், மின்காந்தப் புலம், பிறகு பவர் சிஸ்டம் அனாலிசிஸ். புலப் பாடத்தில் வெக்டர் கால்குலஸ் தெரியாமல் ஒரு யூனிட்டும் நகராது. மோட்டாரைக் கழற்றிப் பார்க்கும் ஆர்வம் இந்தப் பாடத்தில் கைகொடுக்காது, இரண்டாவது வருடத்தில் பையன்கள் மனம் விடுவது இங்கேதான். மெஷின்ஸ் லேப் வந்ததும் மறுபடி உயிர் வரும்.

இன்டர்வியூவில் ஈஇஇக்கு என்ன கேட்பார்கள் என்றால்: ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் தொடக்க மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காவது ஏன், அப்போது டார்க் (சுழற்றும் திறன்) என்ன ஆகும் (அதுவும் மூன்றில் ஒன்றாகும், அதனால்தான் முழுச் சுமையோடு கிளம்ப வேண்டிய இயந்திரத்துக்கு இது ஒத்துவராது), டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏன் கிலோவாட்டில் இல்லாமல் கேவிஏவில் மதிப்பிடுகிறார்கள், எம்சிபி இருக்கும்போது ஆர்சிசிபி எதற்கு, 415 வோல்ட்டில் 5 ஹெச்பி மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கும் (7 அல்லது 7.5). இதோடு பிஎல்சியில் (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) ஒரு மோட்டாரை ஸ்டார்ட், ஸ்டாப் பட்டனோடு லாட்ச் செய்து லேடர் புரோகிராம் போடத் தெரிந்தால் ஆட்டோமேஷன் நிறுவனங்களின் கதவு திறக்கும். பிஎல்சி பயிற்சி நிலையங்கள் பெரிய தொகை கேட்கும். கட்டுவதற்கு முன், கல்லூரியில் பிஎல்சி கிட் இருக்கிறதா, பூட்டி வைக்காமல் பயன்படுத்த விடுகிறார்களா என்று பாருங்கள்.

—

தென்காசி மலர்:

இருவருக்கும் மிக்க நன்றி. 59 எடுக்க வேண்டிய கணக்கைத் தம்பியிடம் காட்டினேன், உட்கார்ந்து தானே ஒருமுறை போட்டுப் பார்த்தான். இன்னும் இரண்டு கேள்வி. அரியர் விழுந்தால் கம்பெனியே கூப்பிடாதா? ஈஇஇ எடுத்துவிட்டுப் பிறகு ஐடிக்குப் போக நினைத்தால் வழி இருக்கிறதா, இல்லை சிஎஸ்இ படித்தவர்களுக்கு மட்டும்தானா?

—

ஏழாவது செம் பதில்:

சகோதரி, கேம்பஸ் இன்டர்வியூ நாலாவது வருடத்தில் என்று நினைப்போம். கம்பெனிகள் பார்க்கும் மதிப்பெண் ஆறாவது செமஸ்டர் வரைக்கும் உள்ளது. ஏழாவது செமஸ்டர் தொடங்கும்போதே ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். அந்தத் தேதியில் நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் விதி. சில நிறுவனங்கள் ஒன்று இருந்தால் பரவாயில்லை என்கின்றன, வேலையில் சேர்வதற்குள் முடித்திருக்க வேண்டும். பழைய அரியரை எழுதித் தேறியிருந்தால் பெரும்பாலும் ஏற்பார்கள். விழுந்த வரலாறே இருக்கக் கூடாது என்பது கொஞ்சம் நிறுவனங்கள்தான்.

இதோடு பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 விழுக்காடு என்பது வழக்கமான வாசல். தம்பிக்கு முதல் இரண்டில் சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன். டிகிரியில் சிஜிபிஏ (எல்லாச் செமஸ்டருக்கும் சேர்த்து 10க்கு வரும் சராசரி) 6க்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும், 7 இருந்தால் நிம்மதி, 7.5 இருந்தால் அழைப்புப் பட்டியலில் விடுபடுவது அரிது. சிஜிபிஏ கிரெடிட்டை வைத்துக் கணக்கிடப்படும்: 4 கிரெடிட் கணக்குப் பாடத்தில் ஒரு கிரேடு ஏறுவது, 1 கிரெடிட் பாடத்தில் நாலு கிரேடு ஏறுவதற்குச் சமம். நேரம் குறைவாக இருக்கும் தேர்வு வாரத்தில் எதை முதலில் படிப்பது என்பதற்கு இதுதான் விடை.

அரியர் விழுந்தால் என்ன செய்வது? ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் நகல் கேட்க வேண்டும். சில நாள்தான் அவகாசம், கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பம். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் விட்டுப்போயிருக்கிறது என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள். 40க்கு மேல் எடுத்து நின்ற தாளுக்கு அர்த்தம் உண்டு, 20 எடுத்த தாளுக்குப் பணம் கட்டுவது வீண். அடுத்த செமஸ்டரிலேயே அந்தத் தாளை எழுதிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் புதுப் பாடத்தோடு பழையதும் சேர்ந்து ஒரே மாதத்தில் எட்டுத் தாள் ஆகும். கணக்குத் தாள் இரண்டு நிற்கிறது என்றால், நாலாவது செமஸ்டர் முடிந்த விடுமுறையை முழுதாக அதற்கே கொடுப்பது நல்லது. ஐந்தாவதிலிருந்து பாடமும் புராஜெக்டும் ஒருசேர நெருக்கும்.

ஈஇஇயிலிருந்து ஐடிக்குப் போகலாமா? தாராளமாக. பெரிய சேவை நிறுவனங்கள் (பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுப்பவை) எல்லாப் பிரிவினரையும் எடுக்கின்றன. முதல் சுற்று ஆப்டிட்யூட்: விழுக்காடு, வேலை-நேரம், வேகம்-தூரம், தொடர்கள், ஆங்கிலப் பத்தி. இரண்டாவது கோடிங்: எழுத்துச் சரத்தைத் திருப்புவது, அணியில் இரண்டாவது பெரிய எண், பகா எண், அடைப்புக்குறி சரிபார்ப்பு மாதிரி. ஈஇஇ மாணவருக்கு சி மொழியும் டேட்டா ஸ்ட்ரக்சரும் பாடத்திட்டத்திலேயே வருகிறது, அதை லேபோடு விட்டுவிடாமல் வாரத்துக்கு நாலைந்து கணக்கு போட்டால் இந்தச் சுற்றுக்குப் போதும். இன்டர்வியூவில் “ஏன் உங்கள் பிரிவை விட்டு வருகிறீர்கள்” என்று கேட்பார்கள், அதற்கு ஒரு நேர்மையான பதில் தயாராக இருக்கட்டும். புராடக்ட் நிறுவனங்கள் (சொந்த மென்பொருள் செய்து விற்பவை) கதை வேறு: அங்கே அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் ஆழமாக வேண்டும், ஈஇஇக்காரர் இதைத் தனியாகப் படிக்க வேண்டும், ஒன்றரை வருட உழைப்பு.

சம்பளம். சேவை நிறுவனங்களின் தொடக்கம் பல ஆண்டுகளாக வருடத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. 3.5 லட்சம் என்று கடிதத்தில் பார்த்துவிட்டு 12ஆல் வகுத்து 29,000 கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அதற்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு, சில இடங்களில் வருட போனஸ் எல்லாம் அடக்கம். தம்பியின் பங்கு பி.எஃப்.பும் தொழில் வரியும் வேறு பிடிப்பார்கள். கைக்கு 23 முதல் 25 ஆயிரம். சென்னையிலோ பெங்களூரிலோ விடுதி, சாப்பாட்டுக்கு அதில் பாதி போகும். ஊர்ப்பக்கம் 18,000க்குக் கோர் வேலை கிடைத்து வீட்டிலிருந்து போய்வந்தால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய அதேதான்.

2021, 2022இல் கூட்டம் கூட்டமாக எடுத்தார்கள். அதன் பிறகு வேகம் தளர்ந்தது, ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஆகவே ஆஃபர் வந்த பிறகும் மற்ற தேர்வுகளை விட்டுவிடக் கூடாது. பயிற்சிக்கோ பதிவுக்கோ லேப்டாப்புக்கோ என்று பணம் கேட்கும் எந்த வேலையும் வேலை இல்லை. பட்டம் முடித்த முதல் ஆறு மாதத்தில்தான் இந்தக் கும்பல்கள் குடும்பங்களைக் குறிவைக்கின்றன.

—

பெல்_ஓய்வு பதில்:

மலர்மா, மேலே எழுதியவர்கள் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஷிஃப்ட் பியைவிடக் கொஞ்சம் கடுமையாகச் சொல்வேன்: தூரத்துப் புதுக் கல்லூரி சிஎஸ்இயை, அது சிஎஸ்இ என்பதற்காக மட்டும் எடுக்கவே கூடாது. கம்பெனிகள் வருவது கல்லூரிக்கு, பிரிவுக்கு இல்லை. ஒரு பழைய கல்லூரிக்கு வரும் சேவை நிறுவனம் அங்கே ஈஇஇ, மெக்கானிக்கல் பையன்களையும் உட்கார வைக்கிறது. புதுக் கல்லூரிக்கு அதே நிறுவனம் வராது. பையன்கள் வேறு கல்லூரியில் பல கல்லூரிகளுக்குச் சேர்த்து நடக்கும் பூல் கேம்பஸுக்குப் பஸ் ஏறிப் போய் ஆயிரம் பேரோடு உட்கார வேண்டும்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போங்கள். பிளேஸ்மென்ட் விளம்பரப் பலகையில் இருக்கும் உச்சச் சம்பளத்தைக் கேட்காதீர்கள். “ஈஇஇயில் போன பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முதல் முயற்சியில் எல்லாத் தாளும் தேறினார்கள், எத்தனை பேர் எந்த நிறுவனத்தில்” என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். மெஷின்ஸ் லேபுக்குள் எட்டிப் பாருங்கள்: மோட்டார்கள் மேல் தூசி படிந்திருந்தால் தெரிந்துவிடும். துறைக்கு என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உண்டா என்பதும் முக்கியம். கல்லூரிக்கு இருப்பது வேறு, துறைக்கு இருப்பது வேறு.

அரசு வேலை நினைப்பு இருந்தால் ஒரு விவரம் இப்போதே தெரிய வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதிவரை பள்ளியிலிருந்தே முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். தம்பி ஆங்கில வழி பி.இ. எடுத்தால், உதவிப் பொறியாளர் போன்ற பட்டத் தகுதிப் பணிக்கு இந்த ஒதுக்கீடு கிடைக்காது. பத்தாம் வகுப்புத் தகுதிப் பணிகளுக்குக் கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் நடத்துகிறது, ஆனால் ஈஇஇ அதில் இல்லை. தனியார் வேலைதான் முதல் நோக்கம் என்றால் இதற்காகப் பிரிவை மாற்ற வேண்டியதில்லை.

பொதுத்துறை வேண்டும் என்றால் கேட் (GATE) என்ற தேசியத் தேர்வு எழுத வேண்டும். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொது ஆப்டிட்யூட், 13ஐ ஒட்டிக் கணக்கு. மூன்றாவது வருடத்திலேயே எழுதலாம். மதிப்பெண் எம்.டெக். சேர்க்கைக்கு மூன்று வருடம் செல்லும், பொதுத்துறை நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தந்த வருட மதிப்பெண்ணைத்தான் கேட்கும். தவறான விடைக்குக் கழிப்பு பலவுள் தெரிவு வினாவுக்கு மட்டும். எண்ணாக விடை எழுதும் கேள்விகளுக்குக் கழிப்பு கிடையாது, அதைக் காலியாக விட்டு வருவது மடத்தனம். கேட் பாடத்திட்டமும் செமஸ்டர் பாடமும் முக்கால்வாசி ஒன்று. சர்க்யூட், மெஷின்ஸ், பவர் சிஸ்டம், கன்ட்ரோல் நாலையும் அந்தந்தச் செமஸ்டரில் பழைய கேட் கேள்விகளோடு சேர்த்துப் படித்தால் தனிக் கோச்சிங் தேவைப்படாது.

பணம்: தம்பி ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியா என்று நீங்கள் எழுதவில்லை. ஆம் என்றால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் கலந்தாய்வுக்குப் போங்கள், கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசு கட்டும். அந்த ஒதுக்கீட்டில் 157க்கு நீங்கள் நினைப்பதைவிட நல்ல கல்லூரி கிடைக்கவும் கூடும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000ம் வரும். இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து இப்போதே வாங்குங்கள். வருவாய்த் துறை வழியாக வருவதால் நாள் ஆகும், சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று கையில் இல்லாவிட்டால் சலுகை பிடிப்பது சிரமம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. “கலந்தாய்வுக்கு ஏன் காத்திருக்க வேண்டும், இன்றே அட்வான்ஸ் கட்டுங்கள்” என்று யாராவது போன் செய்தால் கட்டிவிட வேண்டாம்.